மட்டை ஏந்தியவர் பெயரால் ஒரு கல்விக்கொடை
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு ‘விளையாட்டும் கல்வியும்’ என்பதாகும். பொதுவாக இத்தகைய தலைப்பில் பேசுவோர், உடல் நலமும் உள்ள நலமும் இரு கண்கள் என்று தொடங்கி அரைமணி நேரத்தில் முடித்துவிடுவர். நாமும் அவ்வாறே பேசி அமர்ந்திருப்போம். ஆனால் நேற்று மாலை செயலாளர் அவர்கள் நம் இல்லத்திற்கு வந்து ஒரு செய்தியைக் கூறினார். நம் தெருப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கபடி கற்றுக்கொடுத்து, சென்ற ஆண்டு மறைந்த பெரியவரின் நினைவாக நிதி திரட்டப்பட்டிருக்கிறது. அந்நிதியைக் கொண்டு ஆண்டுதோறும் சுழற்கோப்பைப் போட்டி நடத்த வேண்டும் என்று இளைஞர்களும், படிக்கும் பிள்ளைக்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்று மூத்தோரும் இருவேறு கருத்தாக நிற்கின்றனர். “தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்” என்றார் அவர்.

தலைமையாசிரியன் எந்தப் பக்கம் பேசுவான் என்பதை இளைஞர்கள் முன்னரே முடிவு செய்திருப்பர். ஆகவே இன்று நாம் நம் கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கடல் கடந்த நாடு ஒன்றில் ஓர் ஆட்டக்காரர் மறைந்தபோது அவர் மனைவியார் எழுப்பிய நினைவுச் சின்னம் எத்தகையது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் ஜாக்கி ராபின்சன். அமெரிக்காவின் பேஸ்பால் வீரர். கிரிக்கெட்டை அறிந்த உங்களுக்கு அவ்வாட்டத்தைப் பற்றி மிகுதியாக விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் உருண்டை மட்டையால் அடிப்பார். அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். அந்நாட்டு மக்களுக்கு அது விளையாட்டு மட்டுமன்று, நாட்டின் பெருமை. அந்தப் பெருமைக்குள் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. 1880களுக்குப் பின் 1946 வரை பெரிய லீக் எனப்படும் முதல்நிலை அணிகள் எவற்றிலும் கறுப்பினத்தவர் எவரும் ஆடவில்லை. சட்டத்தில் எங்கும் அப்படி எழுதப்படவில்லை. எழுதாமலேயே எல்லாரும் கடைப்பிடித்தனர். எழுதப்படாத சட்டம் எவ்வளவு வலியது என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அந்த மூன்றாண்டுகளிலும் அதே நகரின் ஆட்டத் திடல்களில் இவ்வழக்கமே நிலவிற்று.

ராபின்சன் 1919ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்துக் கெய்ரோ என்னும் ஊரில், வாரத்திற்கு உழும் குடும்பம் ஒன்றில், ஐந்து குழந்தைகளில் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். தாயார் மாலி 1920இல் ஐந்து பிள்ளைகளையும் இரயிலில் ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடியிலிருந்த கலிபோர்னியாவின் பசடேனா நகருக்குச் சென்றார். அங்கே பிறர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். தெற்கை விட்டு வந்துவிட்டால் இழிவும் விட்டுப் போய்விடும் என்று அத்தாய் எண்ணியிருக்கக் கூடும். பசடேனாவின் பொது நீச்சல் குளத்தில் வெள்ளையர் அல்லாதார் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே இறங்கலாம். அந்நாள் முடிந்ததும் குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டுப் புதுநீர் நிரப்பப்படும். 1927இல் மகாட் குளத்தில் அண்ணல் நீர் பருகிய பின் அக்குளத்தைத் ‘தூய்மை’ செய்தவர்களின் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் இம்மேடையில் கேட்டு வருகிறோம். இரு நாட்டாரும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். ஆயினும் ஒரே பாடத்தைப் படித்திருக்கின்றனர்.

ராபின்சனுக்கு மேக் என்றோர் அண்ணன் இருந்தார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் புகழ்பெற்ற ஜெஸ்ஸி ஓவன்சுக்கு அடுத்து வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர். இருவருக்கும் இடையே 0.4 விநாடியே வேறுபாடு. உலகத்தில் இரண்டாவதாக ஓடிய அம்மனிதர் தம் ஊருக்குத் திரும்பி வந்து என்ன வேலை பார்த்தார் தெரியுமா? தெருக் கூட்டினார். ஒலிம்பிக் அணிக்குரிய மேலங்கியை அணிந்துகொண்டே பசடேனாவின் தெருக்களைக் கூட்டினார். கோப்பையையும் பதக்கத்தையும் பற்றிப் பேசும்போதெல்லாம் இக்காட்சி நம் கண்முன் வந்து நிற்கிறது. நம் சமுதாயத்துக் கையிலும் நெடுங்காலம் கொடுக்கப்பட்டது துடைப்பம்தான் என்பதால் அது நம்மை எளிதில் விடுவதில்லை.

இதைக் கண்டு வளர்ந்த தம்பி, உயர்நிலைப் பள்ளியிலும் இளநிலைக் கல்லூரியிலும் ஆடாத ஆட்டமில்லை. பின்னர் லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, தடகளம் ஆகிய நான்கிலும் பல்கலைக்கழக அணியில் இடம்பெற்ற முதல் மாணவரானார். அந்நான்கில் அவர் மிகவும் பின்தங்கியிருந்தது பேஸ்பாலில்தான். இது நம் உடற்கல்வி ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

1941ஆம் ஆண்டு, பட்டம் பெறச் சில மாதங்களே எஞ்சியிருந்த நிலையில், ராபின்சன் படிப்பைக் கைவிட்டார். தாயார் வேண்டாம் என்றார். பின்னாளில் அவர் மனைவியான ரேச்சலும், அப்போது அதே பல்கலைக்கழகத்தில் மாணவியாயிருந்தவர், வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. எவ்வளவு படித்தாலும் கறுப்பினத்தவனுக்கு அப்படிப்பு வேலை வாங்கித் தராது என்று தாம் அன்று நம்பியதாகப் பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். உழைத்துக் களைத்த தாய்க்கு உடனே நாலு காசு தர வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அரசு இளைஞர் முகாம் ஒன்றில் விளையாட்டு உதவியாளர் வேலைக்குப் போனார். பின்னர் ஹவாய்த் தீவில் கூலிக்குக் கால்பந்தாடினார்.

இளைஞர்களே, இதைச் சோம்பேறியின் சொல்லென்று தள்ளிவிட வேண்டா. அண்ணன் தெருக் கூட்டுவதைக் கண்டவனின் கணக்கு அது. “படித்து என்ன ஐயா கிழித்துவிடப் போகிறோம்?” என்று நம்மிடம் கேட்டுவிட்டுப் போன மாணவர்கள் பலர். அவர்களுக்கு நாம் சொன்ன விடைகளெல்லாம் புத்தகத்து விடைகளாகவே இருந்தன என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

அதன்பின் நடந்தவற்றை உலகம் அறியும், சுருக்கமாகச் சொல்கிறோம். 1942இல் படைக்கு அழைக்கப்பட்டு அடுத்த ஆண்டு அதிகாரியானார். 1944 சூலை 6ஆம் நாள் டெக்சாசில் படைமுகாமுக்குரிய பேருந்தில், பின்னிருக்கைக்குப் போ என்று ஓட்டுநர் சொன்னபோது மறுத்தார். அதன் தொடர்பாக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 1945இல் கறுப்பினத்தவருக்கென இருந்த நீக்ரோ லீக்கில் ஆடினார். அவ்வாண்டு ஆகஸ்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நிருவாகி பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்து, யார் எவ்வளவு இழிவாகப் பேசினாலும் திருப்பித் தாக்காதிருக்கும் மனத்திண்மை உனக்கு உண்டா என்று கேட்டார். பேருந்தில் எழ மறுத்த மனிதரிடம் கேட்கப்பட்ட கேள்வி இது! அவர் உடன்பட்டார். 1947 ஏப்ரல் 15ஆம் நாள் 42ஆம் எண்ணுடைய சட்டையணிந்து பெரிய லீக்கில் இறங்கினார். எதிரணியினர் ஏசினர், தங்கும் விடுதிகள் இடமளிக்க மறுத்தன, கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே வந்தது. 1949இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 பருவத்தோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, எஞ்சிய காலத்தைக் குடியுரிமைப் போராட்டத்திற்கும் பொதுப்பணிக்கும் தந்தார். 1972 அக்டோபர் 24ஆம் நாள், நீரிழிவும் இதய நோயும் வருத்த, 53ஆம் வயதில் மறைந்தார்.

நம் நாட்டிலும் பல்வங்கர் பாலூ என்றொரு பந்துவீச்சாளர் இருந்தார் என்பதை இங்கு இடையே சொல்லிவிட வேண்டும். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர். பூனாவில் அவருக்குத் தேநீர் திடலுக்கு வெளியே தனி மண்கலத்தில் தரப்பட்டது. அணித்தலைமை அவருக்கு வழங்கப்படவேயில்லை. இம்மண்டபத்தில் அமர்ந்துள்ள இளைஞர்களில் அவர் பெயரைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கைகள் உயரும்? இது உங்கள் குற்றமன்று. ஆட்டக்காரனின் புகழ் அவன் ஆட்டத்தைக் கண்டவர்களோடு போய்விடுகிறது.

ரேச்சல் அம்மையார் இதை உணர்ந்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர் வெறும் ஆட்டக்காரரின் மனைவியாக இருந்தவரல்லர். செவிலியர் பட்டம் பெற்றவர். பிள்ளைகள் வளர்ந்த பின் மீண்டும் படித்து மனநலச் செவிலியத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகவும் பணிபுரிந்தவர். 1971இல் மூத்த மகன் கார் விபத்தில் மாண்டான். அடுத்த ஆண்டே கணவரும் போனார். அத்துயரினிடையே 1973இல் அவர் தொடங்கியதுதான் ஜாக்கி ராபின்சன் அறக்கட்டளை. சிலையோ, திடலோ, கோப்பையோ வைத்துக் கணவருக்குப் புகழ் சேர்ப்பது அவருக்கு அரிதன்று. அவர் தேர்ந்தெடுத்தது உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில் பயிலும் வறிய சிறுபான்மை மாணவர்களுக்குக் கல்லூரிக் கல்வி உதவி. எந்தப் பட்டத்தைத் தம் கணவர் சில மாத தூரத்தில் விட்டுவிட்டுப் போனாரோ, அந்தப் பட்டத்தைப் பிறர் பிள்ளைகள் பெறும்படி செய்தார்.

அவ்வுதவியின் அமைப்பை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலாவதாக, அது பேஸ்பால் வீரர் பெயரால் வழங்கப்படுகிறது. பெறுபவர் பேஸ்பால் ஆட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆடுபவனும் பெறலாம், பந்தைத் தொட்டறியாத பெண்ணும் பெறலாம். கல்வித் தகுதி, வறுமை நிலை, தலைமைப் பண்பு, ஊருக்குச் செய்த தொண்டு ஆகியவற்றையே பார்க்கின்றனர். இரண்டாவது செய்திதான் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. பணம் ஒருமுறை கொடுத்துப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவதில்லை. நான்காண்டுப் பட்டப்படிப்பு முடியும்வரை உதவி தொடர்கிறது. அதோடு ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டியாக மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுக்கொருமுறை எல்லா மாணவரையும் நியூயார்க்கிற்கு வரவழைத்துச் சில நாள் ஒன்றாகத் தங்க வைக்கின்றனர். நேர்காணலில் எவ்வாறு பேசுவது, வேலைக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, வரவு செலவை எவ்வாறு கையாள்வது என்பன போன்ற, வீட்டில் படித்தவர் இல்லாத பிள்ளைக்கு எவரும் சொல்லித்தராத செய்திகளையெல்லாம் கற்றுத் தருகின்றனர். உதவி பெறும் மாணவர் தாமும் சமூகத் தொண்டு செய்தல் வேண்டும். இவ்வாறு உதவி பெற்றவர்களில் ஏறத்தாழ அனைவருமே பட்டம் பெற்றுவிடுவதாக அவ்வறக்கட்டளை பெருமையோடு கூறிக்கொள்கிறது.

பணத்தின் பெருமையன்று இது. பணம் மட்டும் போதுமென்றால் நம் நாட்டில் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு 1944 முதலே மத்திய அரசின் உதவித்தொகை இருந்து வருகிறது. அதனால் படித்து முன்னேறியோர் பல்லாயிரவர். நாமும் அவர்களுள் ஒருவர். எனினும் நடுவழியில் நின்றுவிட்டவர்களும் உளர். அண்ணல் அம்பேத்கரே நடுவழியில் நிறுத்தப்பட்டவர்தாம். பரோடா மன்னரின் உதவியால் கொலம்பியாவில் படித்து, இலண்டன் சென்று மேற்படிப்பைத் தொடங்கிய நிலையில், உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் இந்தியா திரும்ப நேர்ந்தது. வேலை பார்த்துப் பணம் சேர்த்து, கோல்காப்பூர் சாகு மகாராசாவின் உதவியும் பார்சி நண்பரின் கடனும் பெற்று 1920இல்தான் அவரால் மீண்டும் இலண்டன் செல்ல முடிந்தது. அவர் அம்பேத்கர், ஆகையால் திரும்பச் சென்றார். எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு திரும்பிச் செல்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கலாமா?

இங்கே நம் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதில் நமக்குப் பெருமையொன்றுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அளவில் ஆடிய கபடி வீரன் ஒருவன் நம் பள்ளியில் படித்தான். இப்பெரியவரிடம் ஆட்டம் பயின்றவன்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். வெளியூர்க் கல்லூரியிலும் சேர்ந்தான். மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிட்டுக் கொடுத்து, “நன்றாகப் படி” என்று முதுகில் தட்டி அனுப்பினோம். ஓராண்டு கழிந்து ஒரு நாள் சந்தைக்குச் சென்றபோது லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, “வணக்கம் ஐயா” என்றான். உதவித்தொகை காலத்தில் வரவில்லை, விடுதிக்கு உணவுக் கட்டணம் பாக்கி விழுந்தது, அதைக் கேட்டுக் கேட்டு நாணமாகிவிட்டது, ஊருக்கு வந்துவிட்டான். பாக்கித் தொகையைக் கேட்டோம். நம் ஒரு மாதச் சம்பளத்தில் சிறு பங்கு அது.

“ஏனப்பா, ஒரு வார்த்தை நம்மிடம் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றோம்.

“யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை ஐயா” என்றான்.

கல்லூரியிலோ அலுவலகத்திலோ எவர் மீது குற்றம் இருந்தது என்று ஆராய இது இடமன்று. அவன் சொன்ன விடையில் நாமும் இருந்தோம். ஓராண்டு முழுவதும் அவனை ஒருமுறையேனும் நாம் கேட்கவில்லை. அப்பெரியவர் கேட்டிருக்கிறார். அவன் ஊருக்குத் திரும்பி வந்த மறுநாளே அவன் வீட்டிற்குச் சென்று, திரும்பிப் போ என்று வற்புறுத்தியிருக்கிறார். அவரிடம் கொடுக்கப் பணமில்லை. நம்மிடம் பணம் இருந்தது, செய்தி இல்லை. இது அவர் மறைவுக்குப் பின்தான் நமக்குத் தெரிந்தது.

கோப்பைப் போட்டியை நாம் இகழவில்லை. ஜாக்கி ராபின்சன் ஆடியிராவிடில் அவர் பெயரால் எந்த அறக்கட்டளையும் இல்லை. மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் திடலில் மண்ணோடு புரள்வது கண்டு மகிழ்பவர்களில் நாமும் ஒருவர். ஆனால் ஓரிரவு மின்விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவை இளைஞர்கள் ஒருமுறை தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டுகிறோம். மறுநாள் காலையில் பந்தற்காரர் வந்து கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு திடலில் எஞ்சியிருப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் இன்று ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15ஆம் நாள் பெரிய லீக்கின் எல்லா ஆட்டக்காரரும் 42ஆம் எண் சட்டையணிந்து ஆடுகின்றனர். 2022 சூலையில் நியூயார்க்கில் ராபின்சன் அருங்காட்சியகம் திறந்தபோது, நூறு வயது நிறைந்த ரேச்சல் அம்மையார் அங்கு வந்து நாடாவை வெட்டினார். அவ்வருங்காட்சியகம் அறக்கட்டளை தொடங்கி நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்தது. முதலில் பிள்ளைகள், பின்னர்தான் கட்டடம். இவ்வரிசையை இளைஞர்களும் மூத்தோரும் கவனிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

சங்கத்தின் முன் நாம் வைக்கும் கருத்து இதுதான். பெரியவரின் பெயரால் ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்போம். ஆணாயினும் பெண்ணாயினும், ஆடுபவராயினும் ஆடாதவராயினும் சரி. பத்துப் பேருக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்துப் பெயர் வாங்குவதைவிட, ஒருவரைப் பட்டம் பெறும்வரை விடாமல் பிடித்துக்கொள்வோம். அப்பிள்ளைக்குச் சங்க உறுப்பினர் ஒருவர் பொறுப்பாளராக இருந்து, மாதம் ஒருமுறை கட்டணம் கட்டியாயிற்றா, விடுதியில் சோறு கிடைக்கிறதா, தேர்வு எழுதினாயா என்று கேட்டுக் கணக்கேட்டில் எழுதி வைக்க வேண்டும். அப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது நம் இரவுப் பாடசாலையில் சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். உதவித்தொகையை வழங்கும் இடம் மட்டும் இம்மண்டபமாக இருக்க வேண்டா. பெரியவர் நின்ற அந்தத் திடலிலேயே, இளைஞர்கள் ஒரு பகற்பொழுதில் சிக்கனமாக நடத்தும் ஆட்டம் தொடங்குமுன் வழங்குவோம்.

வெங்காய மூட்டை இறக்கிய அந்த மாணவன் இன்று திருமணமாகி, ஒரு பெண் குழந்தையோடு நம் காலனியில்தான் இருக்கிறான். தேர்வுக் குழுவில் அவனையும் ஓர் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நேற்றிரவு அவனைக் கண்டு பேசினோம், வருவதாகச் சொன்னான்.

முதலாண்டுப் பிள்ளைக்குப் பொறுப்பாளராக நம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகிறோம். ஓய்வு பெற நமக்கு இன்னும் மூன்றாண்டுகள் உள்ளன, பட்டப்படிப்பும் மூன்றாண்டுகள்தாம். ஏட்டை நம் கையில் கொடுங்கள்.